குணமாகக் கூடாத நோயாளி

போன மாதம் நிரோஷா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கெட்டிக்காரி. ஆனால் எதையும் துடைத்துக் கழுவி அடுக்கி வைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

“அண்ணே, புது ஃப்ரிஜ் வந்திருக்கு. பழசைக் காலி பண்றோம். கீழ்த்தட்டுல ஒரு டப்பா இருக்கு. மேல உங்க கையெழுத்துல ‘தொட்டால் கை முறியும்’னு எழுதியிருக்கு. தொறந்து பார்த்தா எல்லாம் சீக்குப் புடிச்ச கிண்ணம். குக்கர்ல போட்டுடவா?”

நான் போட்ட சத்தத்தில் என் மனைவி அகப்பையோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

“போட்டுப் பாரு. தலவாக்கலையில இருந்து நடந்தே வந்து உன்னையும் சேர்த்து குக்கர்ல போடுறேன்” என்றேன்.

“அப்ப அது என்னன்னு எழுதிக் குடுங்க. எனக்குப் பொறகு வர்றவளும் இதையேதான் கேட்பா. அப்ப கத்துறதுக்கு நீங்க இருக்கணும்ல?”

கேள்வி கொஞ்சம் குத்தலாக இருந்தாலும் நியாயமானது. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடம் நானுஓயாப் பக்கம் ஒரு மேட்டில் இருக்கிறது. பயிருக்கு வரும் நோய்களைப் பார்ப்பதுதான் வேலை. லீக்ஸ், உருளைக்கிழங்கு, தேயிலை என்று எது வாடினாலும் ஆட்கள் அதை சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு வருவார்கள். பெரும்பாலான குற்றவாளிகள் பங்கசுகள். மழைக்காலத்தில் கழற்றி வைத்த செருப்பில் பூக்கிறதே பூஞ்சணம், அதன் சொந்தக்காரர்கள். நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தேன், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை, கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். கழுவிக் கழுவியே உள்ளே போய் ஆய்வு உதவியாளன் ஆகிவிட்டேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஆனால் என் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பங்கசை வளர்ப்பதும் ஒரு சமையல்தான். உருளைக்கிழங்கை அவித்து, அந்தத் தண்ணீரில் சீனி சேர்த்து, கட்டியாவதற்குக் கடற்பாசித் தூளான ஏகாரைக் கலந்து, பெரிய குக்கரில் ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் தட்டையான கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்ற வேண்டும். அது உறைந்ததும் நோயுள்ள வேரின் ஒரு துணுக்கை நடுவில் வைத்தால் பங்கசு வட்டமாகப் படரும். கிண்ணம் நிறைந்துவிட்டால் சாப்பாடு தீர்ந்து செத்துப்போகும். அதற்கு முன் ஊசியை ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, படர்ந்த வட்டத்திலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்துப் புதிய கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை. தும்மினால் காலையிலிருந்து செய்ததெல்லாம் வீண்.

அந்தத் துண்டை எங்கிருந்து வெட்டுவது? விளிம்பிலிருந்து. எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடுகிற விளிம்புதான் இளசு, அதுதான் சுத்தம். எனக்குச் சொல்லித் தந்தவர்களும் விளிம்பில் வெட்டினார்கள், அவர்களுக்குச் சொல்லித் தந்தவர்களும் விளிம்பில்தான் வெட்டியிருப்பார்கள். நோஞ்சானாக வருகிற கிண்ணத்தைக் குப்பைக் கூடைக்கு அனுப்பிவிடுவோம். அங்கிருந்து குக்கருக்குப் போய் ஆவியில் வெந்து செத்துவிடும். என் கிண்ணங்கள் பௌர்ணமி நிலவு மாதிரி வட்டமாக இருக்கும். வெளியிடங்களிலிருந்து வருகிற அதிகாரிகளுக்கு அவற்றைத்தான் காட்டுவார்கள். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு மேல் இருந்தது என்பதை என் மனைவி சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தலைமை ஆய்வாளரை நாங்கள் எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஊர்க் குளிரை அவர் கடைசிவரைக்கும் மன்னிக்கவில்லை. ஒரு சுவெட்டருக்கு மேல் இன்னொரு சுவெட்டர் போட்டுக்கொண்டு, காலுறையோடு செருப்பு மாட்டி வருவார். கிண்ணத்தைக் கையில் எடுத்தால் உடனே திறக்க மாட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார், திருப்பி முதுகைப் பார்ப்பார், மறுபடி முகத்தைப் பார்ப்பார். பிறகுதான் பேச்சு. பங்கசுகளை அவர் ‘அது’ என்று சொல்லி நான் கேட்டதேயில்லை. எல்லோரும் ‘அவர்’தான்.

“சேகர், இவர் இண்டைக்கு எப்பிடி இருக்கிறார்? நேற்று ஒண்டும் சாப்பிடேல்லைப் போல கிடக்கு.”

கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது, மரியாதை கூடும். ‘தயவுசெய்து’ என்ற சொல் வாயில் வந்துவிட்டால் நான் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

ஒரு நாள் செல்வராணி வந்தாள். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, பராமரித்துக் கொழுந்து எடுத்துக் கொடுக்கும்படி குடும்பங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கும் ஒரு துண்டு கிடைத்திருந்தது. அவளுடைய மூத்த மகள் ஆசிரியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்ததும், கடைசிப் பையன் பள்ளிக்கூடம் போனதும் அந்தத் துண்டை நம்பித்தான். அவள் பையைக் கவிழ்த்ததும் மேசை முழுக்க வேர். வேரின் மேல் கறுப்புக் கம்பளி சுற்றினாற்போல இருந்தது. பட்டையை உரித்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக நட்சத்திரங்கள். பார்க்க அழகுதான். கறுப்பு வேர் நோய் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“சுத்தியும் கான் வெட்டிட்டோம்ணே, சருகெல்லாம் கூட்டி எரிச்சாச்சு. நிக்கல. மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் போவுது. கவாத்து வெட்டித் துளிர் வர்ற நேரம் தோட்டத்துத் தொரை வந்து பார்ப்பாராம். பரவியிருந்தா மரத்தையெல்லாம் புடுங்கிட்டு மானாப் புல்லு போடணும்னு சொல்லிட்டாரு. புல்லு போட்டா நெலம் ஆற ரெண்டு வருசம். அதுவரைக்கும் நான் என்னண்ணே, புல்லையா திங்கிறது?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண் சிரிக்கவில்லை.

மறுநாள் மிஸ்ஸும் நானும் அவளுடைய துண்டுக்குப் போனோம். மேல்பக்கத்தில் தேயிலை மரங்கள் வரிசையாகக் காய்ந்து நின்றன. கீழ்ப்பக்கத்திலும் சில செத்திருந்தன. ஆனால் கீழ்ப்பக்கத்து ஓரத்தில் ஒரு விசித்திரம். நோயை மறிக்க வெட்டிய கான், அந்த வாய்க்கால், இடிந்து மண் சரிந்து நோய் தாராளமாக உள்ளே போக வழி இருந்தும், அந்த இடத்து மரங்கள் பச்சையாக நின்றன. தோண்டிப் பார்த்தால் வேரில் கறுப்புக் கம்பளி லேசாக இருந்தது. மரம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மூன்று இடத்து வேரையும் கொண்டுவந்து கிண்ணத்தில் வைத்தேன். செத்த மரங்களிலிருந்து வந்த மேல்பக்கத்துக்காரரும் கீழ்ப்பக்கத்துக்காரரும் கிடுகிடுவென்று கிண்ணத்தை நிறைத்தார்கள். பச்சை மரத்து வேரிலிருந்து வந்தவர் நடுவிலேயே சுருண்டு, கசங்கி, பழுப்பு நிறமாகி ஒரு முடிச்சாக உட்கார்ந்துவிட்டார். நான் வழக்கம்போல அவரைக் கூடைக்குள் போட்டேன்.

அந்தக் கூடையைக் குனிந்து பார்க்கிற பழக்கம் மிஸ்ஸுக்கு உண்டு. எடுத்தார். முகம் பார்த்தார், முதுகு பார்த்தார்.

“இவரை ஏன் இதுக்குள்ள போட்டனீங்கள்?”

“சீக்கு மிஸ். வளர மாட்டேங்குது.”

“அதைத்தான் நானும் கேக்கிறன். நல்ல சாப்பாடு இருக்கு, இடம் இருக்கு. பிறகு ஏன் இவருக்குச் சுகமில்லை?”

நமக்குக் காய்ச்சல் தருகிற வைரசு போலவே பங்கசுக்கும் வைரசு வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். வைரசு பிடித்த பங்கசால் ஓடியாடி மரத்தைக் கொல்ல முடியாது. அதைவிட, அந்த வைரசை அது தன் இனத்துக்கும் ஒட்டிவிடும். அப்படி ஒட்டிவிட்டால் செல்வராணியின் மரங்களைக் கொல்கிறவர்களையும் படுக்கையில் போடலாம். கண்டியில் தெரிந்தவர் ஒருவருடைய ஆய்வுக்கூடத்துக்கு மிஸ் மாதிரியைக் கொண்டுபோனார். திரும்பி வந்து ஒரு படத்தைக் காட்டினார். கொலைகாரர்கள் இரண்டு பேருக்கும் படத்தில் ஒன்றுமில்லை. நம் நோஞ்சானுக்கு நேரே இரண்டு வெள்ளைக் கோடு. வைரசு இருக்கிறது. மிஸ் வெளிச்சுவெட்டரைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் குளிராது.

“சேகர், இனி இவர்தான் எங்கட விசேஷ வருத்தக்காரர். கவனமாப் பாருங்கோ. சுகம் வந்திடக் கூடாது.”

யாழ்ப்பாணத்தில் நோயாளியைத்தான் வருத்தக்காரர் என்பார்கள். இதைவிட எளிய வேலை உண்டா என்று நினைத்தேன். வருத்தக்காரரைக் கிண்ணம் கிண்ணமாகப் பெருக்க வேண்டும், அவ்வளவுதானே. ஊசியைக் காய்ச்சி, மூச்சை அடக்கி, வெட்டி மாற்றினேன். முதல் முறை கொஞ்சம் தெம்பாக வந்தார். அடுத்த முறை எழுந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த முறை கிண்ணம் நிறையப் பௌர்ணமி நிலவு. கண்டிக்கு அனுப்பினால் கோடு ஒன்றையும் காணோம். நோயாளி பூரண குணம்.

மிஸ் ‘தயவுசெய்து’ என்றார். நான் கதவுப் பக்கம் போனேன். “தள்ளுங்கோ, நான் செய்யிறன்” என்று அவரே ஊசியைப் பிடித்தார். அவர் கையிலும் குணமானார். நாங்கள் கிழங்கைச் சந்தேகப்பட்டோம், நுவரெலியாக் கிழங்கை விட்டுவிட்டு இறக்குமதிக் கிழங்கை அவித்துப் பார்த்தோம். தண்ணீரைச் சந்தேகப்பட்டோம், வெயிலைச் சந்தேகப்பட்டோம். என்ன செய்தாலும் அவர் தேறினார். ஊரில் மனிதருக்கு இப்படிக் குணமாக்கும் கைராசி எனக்கு இருந்திருந்தால் இந்நேரம் வாசலில் வரிசை நின்றிருக்கும்.

இதற்குள் தோட்டத்தில் கவாத்துத் தொடங்கிவிட்டது. செல்வராணி வேலை முடிந்து ஆய்வுக்கூடத்துக்கு வந்து, உள்ளே வராமல் ஜன்னலில் நின்று கேட்பாள்.

“எப்படிண்ணே இருக்கான்?”

“நல்லா இருக்கான்” என்பேன். அவள் முகம் விழுந்துவிடும். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுத்த நாளிலிருந்து பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன்.

ஒரு காலையில் மிஸ் கிண்ணம் ஒன்றை ஜன்னலில் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். கசங்கிய முடிச்சிலிருந்து ஒரு பக்கமாக மட்டும் விசிறி போலச் சுகமான பங்கசு விரிந்து ஓடியிருந்தது. அதன் விளிம்பில் நான் வெட்டியெடுத்த சின்னச் சதுர ஓட்டை.

“சேகர், இதில எங்க வெட்டினனீங்கள்?”

“விளிம்புல மிஸ். நீங்களும் அங்கதானே வெட்டினீங்க?”

மிஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தார். சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் கண்டதில்லை. முன்னால் ஓடுகிறவன் வைரசிடமிருந்து தப்பியவன். விளிம்பில் வெட்டுகிறபோதெல்லாம் தப்பியவனையே தேடிப் பிடித்து, அவனுக்குப் புது வீடும் சாப்பாடும் கொடுத்திருக்கிறோம். நோய் பிடித்தவன் நடுவில் கிடந்து காய்ந்துபோக, நாங்கள் சுகமானவனைத் தாலாட்டியிருக்கிறோம். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஒரே பாடத்தைத்தான் ஒழுங்காக ஒப்பித்திருந்தோம்.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. உண்மையான வருத்தக்காரர் மிச்சமிருந்தது முதல் கிண்ணத்தில் மட்டும். அது ஃப்ரிஜின் கீழ்த்தட்டில் அப்பளம் போலக் காய்ந்து கிடந்தது. அதன் நடுவில், இருப்பதிலேயே அசிங்கமான முடிச்சில் வெட்டச் சொன்னார் மிஸ். பழகிய கை மறுத்தது. ஊசி தானாக விளிம்புக்குப் போயிற்று. மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்து நடுவுக்குக் கொண்டுவந்தார். வெட்டினேன். பல நாள் ஒரு அசைவும் இல்லை. பிறகு ஒரு நாள் துண்டைச் சுற்றி மங்கலாக, கோணலாக, பார்க்கச் சகிக்காத ஒரு பழுப்பு வளையம் தெரிந்தது. அவ்வளவு அவலட்சணமான ஒன்றைப் பார்த்து நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை முன்வாசலால் போய்ச் செல்வராணியிடம் சொன்னேன். “மோசமா இருக்கான். ரொம்ப மோசம்.”

“ஐயோ, நல்லா இருப்பீங்கண்ணே!” என்றாள்.

அடுத்தது பொருத்தம் பார்க்கும் படலம். இந்தப் பங்கசுகள் எல்லோரோடும் கலக்காது. சொந்தத்துக்குள்தான் சம்பந்தம். ஒரே கிண்ணத்தில் இருவரை எதிரெதிரே வைத்தால், முறையுள்ளவர்கள் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். முறையில்லாதவர்கள் நடுவில் கறுப்பாக ஒரு வேலியைப் போட்டுக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிடுவார்கள். கலந்தால்தான் வைரசு அந்தப் பக்கம் போகும். கீழ்ப்பக்கத்துக்காரரோடு வருத்தக்காரர் கலந்தார். பிறகு அவரும் கசங்கிச் சுருண்டார். மேல்பக்கத்துக்காரரோடு எத்தனை கிண்ணத்தில் வைத்தாலும் கறுப்பு வேலிதான்.

செல்வராணியிடம் மிஸ்ஸே அதைச் சொன்னார். “கீழ்ப்பக்கத்துக்கு முயற்சி செய்யலாம். மேல்பக்கத்துக்கு என்னட்ட ஆள் இல்லை, பிள்ளை. கீழ்ப்பக்கமும் சரி வருமெண்டு நான் சத்தியம் பண்ண ஏலாது.”

“வேற ஆளு பாருங்களேன் மிஸ். ஒலகத்துல ஒரு சீக்காளி கெடைக்காமலா போயிருவான்?”

“தேடுறன். ஆனா துளிர் வர முந்திக் கிடைக்காது.”

முள்முருக்குக் குச்சிகளைத் துண்டாக்கி, போத்தலில் போட்டு வேகவைத்து, வருத்தக்காரரை அவற்றில் ஏற்றினேன். கறுப்பாகப் படிந்த அந்தக் குச்சிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய், கீழ்ப்பக்கத்து மரங்களைச் சுற்றிப் புதைக்கத் தொடங்கினோம். செல்வராணி மண்வெட்டியோடு குறுக்கே நின்றுகொண்டாள்.

“என்னண்ணே அநியாயம் இது? இருக்கிற நோவை எடுக்கச் சொன்னா, மூட்டை கட்டிக் கொண்டாந்து பொதைக்கிறீங்க! நாலு பேரு பார்த்தா என்ன சொல்லுவாங்க?”

“இவன் சீக்காளி செல்வராணி. இவனால ஒண்ணும் செய்ய முடியாது.”

“ஒங்க ஃப்ரிஜ்ல படுத்திருந்தான். என் நெலத்துல வந்து எந்திரிச்சுட்டான்னா?”

என் கையில் எத்தனை முறை எழுந்தான் என்று எனக்குத் தெரியும். மிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, சகதியில் காலுறையோடு இறங்கி, செல்வராணியின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கித் தானே குழி வெட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “குடுங்க மிஸ், நீங்க வெட்டுனா விடிஞ்சுரும்” என்று செல்வராணி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மீதிக் குழி எல்லாம் அவள் வெட்டியதுதான்.

கவாத்துக்குப் பிறகு தேயிலை மரம் எலும்பாக நிற்கும். வேரில் பலம் இருந்தால்தான் துளிர்க்கும். துளிர் வரும் நேரத்தில் துரை வந்தார். நல்ல மனிதர், சிங்களவர், எங்கள் தோட்டத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். மேல்பக்கத்தில் மரங்கள் துளிர்க்கவில்லை. ஒன்றைக் கையால் பிடித்து இழுத்தார். வேர் செத்த மரம் கையோடு வந்துவிடும். வந்தது. அடுத்ததும் வந்தது. செல்வராணி தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

கீழ்ப்பக்கத்துக்கு இறங்கினார். ஊசி முனை போலத் துளிர் இருந்தது. ஆனால் துளிரை நம்பாமல் மரத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கூட வந்த கங்காணியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, சப்பாத்தை மண்ணில் ஊன்றி இழுத்தார். மரம் அசையவில்லை. சப்பாத்து வழுக்கித் துரை கானுக்குள் உட்கார்ந்துவிட்டார். கங்காணி வானத்தைப் பார்த்தார். மிஸ் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அன்றைக்கு மழை இல்லை.

துரை எழுந்து தட்டிக்கொண்டார். “மேல் பக்கம் புடுங்கு, புல்லுப் போடு. இது இருக்கட்டும் தானே. இது சாகாது” என்றார்.

அவர் போன பிறகு செல்வராணி அந்த மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பாதி போன துக்கமா, பாதி நின்ற சந்தோஷமா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் இரண்டும் இருந்தன. பாதித் துண்டை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு லேசானதல்ல. மற்ற மலைகளுக்கு, அன்றன்றைக்கு எண்ணித் தரும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். மகள் படிப்பை முடித்துக் கந்தப்பளையில் ஆசிரியையாக இருக்கிறாள்.

ஒரே ஒரு துண்டு நிலத்தை வைத்து எதையும் நிரூபித்ததாக எழுத மிஸ் சம்மதிக்கவில்லை. “மழை குறைஞ்சதும் காரணமாயிருக்கலாம், சேகர்” என்று யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகிப் போகும் வரைக்கும் சொன்னார். மேல்பக்கத்துக்குப் பொருத்தமான வருத்தக்காரர் கடைசிவரை கிடைக்கவில்லை. வைரசைக் கண்டுபிடிக்கும் புது இயந்திரம் எங்கள் கூடத்துக்கே வந்ததும் நிரோஷா கீழ்ப்பக்கத்து வேர்களைப் பரிசோதித்தாள். அதே வைரசு, நாங்கள் புதைத்த இடத்தையும் தாண்டிப் போயிருந்ததாம். டப்பாவைத் தூக்கி எறியப் பார்த்தவளும் அவளேதான். அதிலிருப்பவர்தான் அந்த வைரசைக் கொண்டுபோனவர் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆகவே நிரோஷா, நன்றாகக் கேட்டுக்கொள். நடுவில் வெட்டு. அசிங்கமான இடத்தில் வெட்டு. அழகாக வந்தால் எனக்கு உடனே சொல்லு.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் ஹட்டன் பஸ்ஸில் செல்வராணியைக் கண்டேன். நிரோஷா காலையில்தான் படம் அனுப்பியிருந்தாள். புதுக் கிண்ணத்தில் வருத்தக்காரர், கசங்கி, சுருண்டு, பழுப்பாக. பஸ் இரைச்சலில் செல்வராணி பின் சீட்டிலிருந்து கத்தினாள்.

“அண்ணே, அவனுக்கு ஒடம்பு எப்படி இருக்கு?”

“அப்படியேதான். எந்திரிக்கவே முடியல” என்று நானும் கத்தினேன்.

“மாரியாத்தா புண்ணியம்! போன வெள்ளியும் அர்ச்சனை வச்சேன். எல்லாருக்கும் சொகம் குடு ஆத்தா, அவனுக்கு மட்டும் வேணாம்னு.”

முன்சீட்டில் மடியில் கோழிக்கூடையோடு இருந்த அம்மா ஒருவர் மெதுவாகத் திரும்பி எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். “மனுசங்களா நீங்க? படுத்த படுக்கையா கெடக்கிற ஆளைப் பத்தி இப்படியா பேசுவீங்க?”

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். செல்வராணி முந்திக்கொண்டாள்.

“அவன் எந்திரிச்சா நாங்க படுத்துருவோம்க்கா” என்றாள்.

அந்த அம்மா கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஹட்டன் வரும்வரைக்கும் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.